முப்பத்தொன்றாவது முத்திரை

கமினோசே,
4 அக்டோபர் 1987

மிசாவோ,

கடிதம் என்றால் மழை, குளிர், சிவந்த இலை என்று நாலு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். இன்றைக்கு அதெல்லாம் கிடையாது. நான் கோபமாக இருக்கிறேன்.

நீ அனுப்பிய அச்சுப்படியை மூன்று நாளாகப் படித்தேன். கியோத்தோவில் சமூகவியல் பேராசிரியையாக இருந்துகொண்டு, என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பன்னிரண்டு வயதில் விட்டுப்போன இந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாய். சந்தோஷம்தான். ஆனால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்! 'அணைக்கு நிலம் கொடுப்பதென்று 1958 அக்டோபர் 12 கூட்டத்தில் முப்பத்தொரு வீடுகளும் ஒருமனதாகத் தீர்மானித்தன.' அந்த முப்பத்தொன்றில் என் அப்பா ஜின்பெய் வீடும் ஒன்று. அவர் சம்மதிக்கவே இல்லை. அவரோடு ஒரே வீட்டில் இருந்த மகள் சொல்கிறேன்.

முப்பத்தொன்றை முப்பது ஆக்கு. ஒரே ஒரு எண்தானே?

உனக்கு அனுப்ப முள்ளங்கி ஊறுகாய் எடுத்து வைத்திருந்தேன். உன் பதிலைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.

கிகுனோ


கியோத்தோ,
9 அக்டோபர் 1987

அன்புள்ள கிகுனோவுக்கு,

ஊறுகாயைக் காட்டி மிரட்டுவதை நீ இன்னும் விடவில்லை. பதிப்பகத்தார் தினமும் போன் செய்கிறார்கள். மாத முடிவுக்குள் எல்லாத் திருத்தமும் போய்ச் சேர வேண்டும். இதில் நீ வேறு!

என் வேலை என்னவென்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். பழைய காகிதங்களை வருஷ வாரியாக அடுக்கி, ஒரு ஊர் எப்படி மாறியது என்று பார்க்கிறேன். இதை வரலாற்று முறை என்கிறோம். உள்ளே வாழ்கிறவர்களுக்கு இந்த வருஷம்தான் தெரியும். எனக்கு நாற்பது வருஷமும் ஒரே மேஜையில் தெரியும். ஆட்களைக் கேட்டால் ஆகாதா என்கிறாயா? கேட்டேனே! போன வருஷம் உங்கள் ஊரில் இருபத்திரண்டு பேரைக் கேட்டேன். இருபத்திரண்டு பேரும் அணையை எதிர்த்தார்களாம். எல்லாரும் எதிர்த்திருந்தால் அந்த ஏரி எங்கிருந்து வந்தது? கூட்டக் குறிப்பு அன்றைக்கே எழுதியது. அதற்கு இன்றைய வருத்தம் தெரியாது.

மகள் சொன்னாள் என்று முப்பது ஆக்கினால், நாளைக்கு ஒவ்வொரு மகளாக வந்து நிற்பார்கள். என்னால் முடியாது.

மிசாவோ


கமினோசே,
13 அக்டோபர் 1987

மிசாவோ,

நாற்பது வருஷத்தை மேஜையில் வைத்திருக்கிறாயே, அந்தக் கூட்டங்களில் ஒன்றையாவது பார்த்திருக்கிறாயா? நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு விஷயத்தைப் பேசுவார்கள், பேசுவார்கள், இடுப்பு ஒடிகிற வரை பேசுவார்கள். எதிர்க்கிறவன் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல மாட்டான். அது பக்கத்து வீட்டுக்காரனை அவமதிப்பது போல. ஏதாவது சாக்குச் சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். மிச்சம் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். 'ஒருமனதாக' என்று எழுதுவார்கள். இதுதான் உன் ஒருமனது!

அன்றைக்கு அப்பா எழுந்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வர்றேன்" என்றார். ஊர்த்தலைவர் விடவில்லை. "யோவ் ஜின்பெய், உன் வீட்ல ஏதுய்யா மாடு? போன வருசமே வித்துட்டியே!" அறையே சிரித்தது. அப்பா காது சிவந்துபோய்ச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

அந்தச் சிரிப்பு உன் காகிதத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கிகுனோ


கியோத்தோ,
22 அக்டோபர் 1987

அன்புள்ள கிகுனோவுக்கு,

மன்னித்துக்கொள். பாதி மன்னிப்பைத்தான் கேட்கிறேன், மீதியை ஏன் கேட்கவில்லை என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு ஓடினேன். உங்கள் ஊர்க் கோயில் குருவின் நாட்குறிப்பு அங்கே இருக்கிறது. பூஜை விவரம்தானே என்று அதை நான் புரட்டியதுகூட இல்லை. 'ஒருமனதாக' என்று முடிந்த பதினான்கு கூட்டங்களின் தேதிகளை எடுத்துக்கொண்டு தேடினேன். ஒவ்வொன்றிலும் யார் எழுந்து போனார்கள் என்று மனிதர் எழுதி வைத்திருக்கிறார். அக்டோபர் 12: 'ஜின்பெய், இல்லாத மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.' படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அத்தியாயம் முழுவதையும் திருத்தி எழுதுகிறேன்.

ஆனால் எண் மாறாது. மறுநாள் வீடு வீடாகச் சுற்றி வந்த சம்மதத் தாளில், கையெழுத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒன்றாகக் குத்திய முப்பத்தொரு முத்திரைகள் இருக்கின்றன. கடைசியாக ஓரத்தில் உங்கள் வீட்டு முத்திரை. வேறு பத்திரங்களோடு ஒப்பிட்டேன். இடது விளிம்பில் இருக்கும் உடைசல்கூட அதேதான். உன் அப்பா முதல் நாள் வெளியே போனார், மறுநாள் மனசு மாறினார் என்றுதான் என்னால் எழுத முடியும்.

என் முறை முட்டிக்கொண்டு நிற்கிற இடம் இதுதான், கிகுனோ. செத்தவரைத் திரும்பக் கேட்க முடியாது. எந்தக் கை குத்தியது என்று மை சொல்லாது. இருபது வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன், இப்படி ஒரு எரிச்சல் எனக்கு வந்ததில்லை. அந்த வீட்டில் இருந்தவர்களில் இப்போது நீ மட்டும்தான் உயிரோடு இருக்கிறாய். தெரிந்தால் சொல். இல்லையென்றால் முப்பத்தொன்றுதான்.

மிசாவோ


கமினோசே,
27 அக்டோபர் 1987

அன்புள்ள மிசாவோவுக்கு,

நான்தான் குத்தினேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஊர்த்தலைவரின் மகன் ஷோசோவுக்கும் எனக்கும் அடுத்த மாதம் கல்யாணம். அம்மா செத்து நாலு வருஷம். அப்பா மலைக்கு விறகு வெட்டப் போயிருந்த நேரமாகப் பார்த்து, மாமியார் ஆகப்போகிறவர் தாளோடு பின்வாசலுக்கு வந்தார். "உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. கல்யாண உடுப்பு தைக்கக் குடுத்தாச்சு. அதைத் தச்சு முடிக்கச் சொல்லவா, நிறுத்தச் சொல்லவா? நீயே சொல்லு" என்றார். முத்திரைப் பெட்டி இருந்த இடம் எனக்குத் தெரியும்.

நில அளவைக்காரர்கள் வந்தபோது அப்பா அந்தத் தாளைப் பார்த்தார். ஊர் அவரைச் சும்மா விடவில்லை. "முன்வாசல் வழியா வீராப்பா போயிட்டு, பின்வாசல் வழியா வந்து குத்திட்டியேப்பா!" என்று சாகும்வரை கேலி செய்தார்கள். அவரும் சிரித்து வைப்பார். என் பெயரைச் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்கு முதல் நாள், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முத்திரையைக் குத்தினா தொடைச்சு வைக்கணும் கிகுனோ. மை காஞ்சு கெட்டியாயிரும்."

உன் மேல் எரிந்து விழுந்தேனே, அதில் பாதி உன் மேல் இல்லை. நீ எண்ணை மாற்றிவிட்டால் இதைச் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன்.

இன்று காலை ஷோசோவிடம் சொன்னேன். "இருபத்தொம்பது வருசம் வாயத் திறக்காம இருந்துட்டு, இப்ப என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. வரட்டும், வராமல் இருக்கட்டும். என் பெயரைப் போட்டே எழுது. மகள் குத்தினாள் என்று எழுது. எண்ணை முப்பது ஆக்கு.

வெறும் பேச்சு உனக்குச் செல்லாதே, காகிதம் வேண்டுமே. அதனால் அதே முத்திரையை என் பெயருக்குக் கீழே குத்தியிருக்கிறேன். உடைசலை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள். ஊறுகாயும் இதே தபாலில் வருகிறது.

குத்தியதும் துடைத்து வைத்துவிட்டேன்.

ஜின்பெய் மகள்
கிகுனோ