ஹெலிகாப்டரும் என் ஆட்டுரலும்

14 ஜூன் 1981, ஞாயிறு

இன்றைக்கும் இட்லி இல்லை. ஆட்டுரல் குருவிகுளம் போயிருக்கிறது.

இவர் நாலு வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டரைத் தரையோடு கட்டிப் பிடிக்க நாலு மூலைக்கும் கனமான கல் வேண்டுமாம். குருவிகுளத்தில் ஆடு வளர்க்கிற துரைப்பாண்டியின் தரிசு நிலத்தில்தான் சோதனை; மூன்று பாறாங்கல் அங்கேயே கிடைத்துவிட்டது. நாலாவதற்கு என் அடுப்படியில் வந்து நின்றார். "ரெண்டு வாரந்தான், டீச்சர்" என்றார். கட்டிய பெண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிட்டால் வீட்டிலிருந்து ஏதோ கிளம்பப்போகிறது என்று அர்த்தம். போன வருஷம் அப்படித்தான் இரும்புக் கட்டில் போனது. அதன் குழாய்தான் இப்போது ஹெலிகாப்டருக்கு வால்.

சங்கரன்கோவிலில் பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிறவர்கள் இவரையும் சேர்த்து ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டிலெல்லாம் இட்லி அவிக்கிறார்கள்.

17 ஜூன், புதன்

தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற கடையில் வாங்கிவந்த இங்கிலீஷ் புத்தகம். ஹெலிகாப்டர் ஓட்டுவது எப்படி என்று பதினோரு அதிகாரம். இவர் எட்டாம் வகுப்பு. பேரிங்கில் பொறித்திருப்பதைத் தவிர வேறு இங்கிலீஷ் வாசிக்கமாட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். இடக்கைக் கம்பு ஏற்றி இறக்க. வலக்கைக் கம்பு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அதற்கு. இரண்டு கால்மிதியும் மூக்கைத் திருப்ப.

"வலக்கைக் கம்பை ஆட்டக்கூடாதாம். ஆட்டணும்னு நினைச்சாலே போதுமாம்" என்றேன்.

"நெனச்சா ஆடுமாக்கும்? நான் நெனச்சு ஒரு நட்டாவது கழண்டிருக்கா?"

நான் பதில் யோசிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

4 ஜூலை, சனி

முதல் சோதனை. இஞ்சின் ஓடியது. இறக்கை சுற்றியது. ஒரு வயல் புழுதி எங்கள் வாயில். ஹெலிகாப்டர் அசையவில்லை.

துரைப்பாண்டி தலைத்துண்டை உதறிக்கொண்டு, "அண்ணாச்சி, எங்க ஆடு பூராவும் பறந்துட்டு. ஒங்க வண்டி எப்ப பறக்கும்?" என்று கேட்டான். இவர் அதற்குச் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். வரும்போது பஸ்ஸில் தனித்தனி சீட்டு.

18 ஜூலை, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தோம். எழுத்து இப்படித்தான் வரும்.

ஹெலிகாப்டரின் ஒரு பக்கக் கால் மட்டும் எழும்பியது. மறுபக்கம் தரையிலேயே நின்றது. இவர் பயந்து கம்பை ஸ்பேனர் மாதிரி இறுக்கிப் பிடித்து ஒரே இழுப்பு. அப்படியே சாய்ந்து — கயிறு மட்டும் இல்லையென்றால் — என் ஆட்டுரல்தான் பிடித்து நிறுத்தியது. முழங்கையில் ஆறு தையல். வண்டிக்குக் கால் வளைந்ததோடு சரி.

இந்த மனுசனுக்கு என்ன குறைச்சல்? பட்டறை இல்லையா, வீடு இல்லையா? மகள் இன்பம் பாளையங்கோட்டை ஹாஸ்டலிலிருந்து லெட்டர் போடுகிறாள், அப்பா பறந்தாச்சா என்று. பிள்ளைக்கு நான் என்னத்த எழுத? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?

ஐந்தாம் அதிகாரத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. மூன்று விரலால் பிடித்தால் போதும். அதை வாசித்த அன்றைக்கும் தூங்கித்தான் போனார்.

24 ஜூலை, வெள்ளி

அடுப்படியில் நாற்காலியைப் போட்டேன். இடக்கையில் அகப்பை, வலக்கையில் மத்து, கால்மிதிக்கு இரண்டு கொட்டாங்கச்சி. அரை மணி நேரம். அவருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

31 ஜூலை, வெள்ளி

இன்றைக்கு ஒரு மணி நேரம். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அவருக்காகத்தான்.

23 ஆகஸ்ட், ஞாயிறு

அடுத்த மாசம் அறுப்பின் பண்டிகை. எங்கள் சபையில் அவரவர் உழைப்பின் முதற்பலனை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். முதல் பூசணி, முதல் கூடை கத்தரிக்காய், நெசவுக்காரர் என்றால் முதல் துண்டு. ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். உபதேசியார் சுவிசேஷமுத்து அதை அறிவித்து முடிக்கவில்லை, இவர் எழுந்து நின்றார்.

"என் கையோட முதற்பலன் ஹெலிகாப்டர். அதுல மொத சவாரிய ஆண்டவருக்குக் குடுக்கேன். ஏலத்துல விடுங்க."

சபை முழுக்க அல்லேலூயா. நான் மட்டும் மனதுக்குள் சீட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஹெலிகாப்டரில் ஒரே ஒரு சீட்டுதான், ஏலம் எடுக்கிறவர் தானே ஓட்டவேண்டும். இதை யோசித்தாரா என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். சைக்கிளை நிறுத்திவிட்டார். யோசிக்கவில்லை.

29 ஆகஸ்ட், சனி

இன்றைக்கு இவர் சோதனைக்குப் போகவில்லை. பண்டிகைக்கு முன்னால் ஒரு தடவையாவது சரியாக ஓட்டிப் பாருங்கள் என்றேன்.

"மொதப் பூசணிய நாமளே கறி வச்சுத் தின்னுட்டு, ரெண்டாவதக் கோயிலுக்குக் கொண்டு போவமா?"

அது நியாயம். அந்த நியாயத்தில் என் தலையில் இடி. அப்படியானால் வாக்கை வாபஸ் வாங்குங்கள் என்றேன். உபதேசியார் ஆலயக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டாராம்.

இவர் திட்டம் இதுதான். ஏலத்தைத் தானே எடுப்பது. எடுத்து, ஊர் பார்க்கக் கயிறு இல்லாமல் ஏறுவது. "கட்டிப்போட்டுக் காட்டுததுக்கு அது என்ன கெடாவா?" என்கிறார். அந்த முழங்கைத் தழும்பைப் பார்க்கிறேன். தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

20 செப்டம்பர், ஞாயிறு

செய்துவிட்டேன்.

பூசணி, வெண்டைக்காய், ஒரு சேவல், அப்புறம் ஹெலிகாப்டர். ரைஸ்மில் தங்கசாமி விளையாட்டுக்கு ஏற்றிக்கொண்டே போனார். இவர் விடவில்லை. பெண்கள் பக்கமிருந்து நான் கையைத் தூக்கினேன். நான் இவருக்காகக் கேட்கிறேன் என்று நினைத்து, இவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவுக்கு எடுத்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். இன்பம் இந்த நோட்டை எடுத்து வாசிக்கிறவள்.

வீட்டில், "நல்ல வேலை பண்ணுன, ஏட்டி" என்றார்.

"எடுத்தவங்கதான் அனுபவிக்கணும். நான்தான் ஏறப்போறேன். கயிறு கட்டித்தான்."

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

பதினோரு அதிகாரத்தையும் சொல்லத் தொடங்கினேன். ஆறாவதில் கையைக் காட்டி நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"நாலு வருசம், சுந்தரபாய்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவரைக் காப்பாற்றத்தான் கையைத் தூக்கினேன். அது மட்டுமா? இல்லை. இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன். எனக்கும் ஆசை. அகப்பையும் மத்தும் அவருக்காக இல்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆசை போகவில்லை.

22 செப்டம்பர், செவ்வாய்

இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நின்றார். ஏறு என்றார். நேரே தங்கசாமியின் ரைஸ்மில். நெல் நிறுக்கிற தராசில் என்னை நிற்க வைத்தார். நாற்பத்தாறு கிலோ. பிறகு அவர் ஏறினார். எண்பத்து மூன்று.

"இஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல. நாந்தான் கூடுதல்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. தங்கசாமி, "அரிசி ஏதும் வேணுமா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

26 செப்டம்பர், சனி

அதிகாலையிலிருந்து ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை பார்த்தார். கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கமலை வடம் நாலையும் அவரே கட்டினார். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகமுடியாது. உபதேசியார் இஞ்சின் ஓட ஓட ஜெபம் பண்ணினார். இறக்கைச் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்ரோல்தான் தீர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் இவரே சத்தமாக ஆமென் சொல்லி முடித்துவைத்தார்.

இடக்கைக் கம்பை ஏற்றினேன். பயம். வண்டி இடப்பக்கம் இழுத்தது, நான் வலப்பக்கம் இழுத்தேன், அது ரொம்பப் போனது. ஆட்டுரல் கட்டின வடம் விறைத்தது. செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் மத்து ஞாபகம் வந்தது. மூன்று விரல். ஆட்டாதே, நினை.

நின்றது. அந்தரத்தில் நின்றது.

கீழே பார்த்தேன். இவர் உச்சந்தலை தெரிந்தது. நடுவில் உள்ளங்கை அளவுக்கு வழுக்கை. பதினெட்டு வருஷமாக இவரை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்ததே இல்லை. தூரத்தில் துரைப்பாண்டியின் ஆடுகள். இரண்டு நிமிஷம் இருக்கும். இறங்கும்போது தடாலென்று விழுந்தது. ஒன்றும் உடையவில்லை.

ஓடிவந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "எடது கால் கொஞ்சம் லேட்டு" என்றார்.

10 அக்டோபர், சனி

அடுப்படியில் நாற்காலியைப் போட்டு இவரை உட்காரவைத்தேன். இடக்கையில் அகப்பை, வலக்கையில் மத்து. "நசுக்காதீங்க. மூணு விரல்" என்றேன். "சரி, டீச்சர்" என்றார். இந்தத் தடவை வீட்டிலிருந்து எதுவும் கிளம்பவில்லை. ஐந்தாம் அதிகாரம் முழுக்க முழித்திருந்தார்.

இட்லி இல்லாததில் இவருக்கு ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. இன்னும் ஏழு கிலோ போனால் வண்டி தூக்கிவிடும் என்று கணக்குச் சொல்கிறார்.

சாயங்காலம், "ஆட்டுரலத் திருப்பிக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

அங்கேயே கிடக்கட்டும் என்றேன்.