சுண்ணாம்பு ருசி

செவ்வாய் கிரகம், முதல் குவிமாடம்
பதிவு: கட்டடப் பொறியாளர் மரகதவல்லி

நாள் 1 — 09:10
சாரத்தைப் பிரித்தாயிற்று. குவிமாடம் நிற்கிறது. எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்த ரோமானியர் கலவை. விரிசலில் ஈரம் பட்டால் சுண்ணாம்பு கரைந்து தானே அடைத்துக்கொள்ளும். வேகமாக அடைக்கட்டுமே என்று நான் கொஞ்சம் நுண்ணுயிரும் சேர்த்தேன்.

ரோமில் வளைவின் சாரத்தைப் பிரிக்கும்போது, கட்டிய பொறியாளரே அடியில் போய் நிற்பாராம். நானும் பத்து நாள் தனியாக உள்ளே இருந்து காட்டுகிறேன். அப்புறம் கப்பலில் இருக்கும் ஆறு பேரும் இறங்கலாம்.

உள்சுவரில் ஈரம் படாமல் இருக்க நெகிழிப் பூச்சு அடிக்கச் சொல்லி எங்கள் தலைவர் அருளப்பன் நச்சரிக்கிறார். ரோமானியர் நெகிழியா அடித்தார்கள்?

நாள் 4 — 07:30
மூன்று விரிசல். மூன்றும் காலைக்குள் மூடிவிட்டன. கப்பலுக்குப் பெருமையடித்துக்கொண்டேன். நாக்கில் சுண்ணாம்பு ருசி. இத்தனைக்கும் வெற்றிலை போட்டு இரண்டு வருஷமாகிறது.

நாள் 8 — 18:05
காற்றில் ஈரப்பதம் பாதியாகிவிட்டது. கருவி பழுது என்று திட்டித் தீர்த்தேன். கதவு விளிம்பில் சாம்பல் நிறப் படிவு. துடைத்தேன், போகவில்லை. உதடு வெடிக்கிறது.

நாள் 10 — 06:20
கதவைக் காணவில்லை. சுவர் என் மூச்சின் ஈரத்தைக் குடித்து வளர்ந்திருக்கிறது. விரிசலுக்கும் கதவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. என் கவச உடை கதவுக்கு அந்தப் பக்கம், வெளியறையில் இருக்கிறது. "இறங்காதீர்கள்" என்று அனுப்பினேன்.

06:24
அருளப்பனிடமிருந்து பதில்: "அக்கா, நாங்க இறங்கிட்டோம். வெளியறையிலதான் நிக்கிறோம். கதவு இருந்த இடத்துல சுவர்தான் இருக்கு. இறங்கின கலம் திரும்ப மேல ஏறாது. கவசத்துல மூணு மணி நேரக் காத்துதான் மிச்சம்."

08:02
உள்ளிருந்து உளியால் கொத்தினேன். மூச்சு வாங்கியது. கொத்திய குழி கண்ணெதிரே மூடிக்கொண்டது. பயமாக இருக்கிறது.

08:40
"அக்கா, நாங்க வெட்ட வெட்ட வளருது. என்ன செய்யட்டும்?"

08:47
அருளப்பா, உங்கள் ஆறு பேர் மூச்சும் கவசத்துக்குள் இருக்கிறது. சுவருக்குத் தண்ணீர் கொடுப்பது நான் ஒருத்திதான். வெளியேற்றும் வால்வைத் திறக்கிறேன். காற்றும் ஈரமும் போனதும் சுவர் நின்றுவிடும். நிறுத்தாமல் வெட்டுங்கள். உள்ளே தொட்டியில் காற்று இருக்கிறது, குவிமாடத்தை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்னால் பூச்சு அடியுங்கள். இரண்டு தடவை. டப்பா என் கட்டிலுக்கு அடியில்

நான் பிரிக்கவே இல்