ஒன்றாகக் கட்டிய வாழைகள்

முதலில் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் இன்னும் இரண்டு சேர்த்துத்தான் சொல்லுவார்கள். நேற்றுச் சாயங்காலம், பேரப்பிள்ளை எடுக்கப்போகிற இந்த வயதில், உன் வாழை விளையில், இடுப்பில் கட்டிய சாரம் இல்லாமல், ஒரு ஏத்தவாழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். சாரத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. உள்ளே கோடு போட்ட அண்டர்வேர் இருந்தது. அந்த ஒரு காரியத்தில் மட்டும் கர்த்தர் என்னைக் கைவிடவில்லை.

எல்லாம் ஒரு வாசனையில் தொடங்கியது. பங்குனி முழுக்கத் தீயாய்க் காய்ந்து, சித்திரை பிறந்தும் அடங்காத வெயில். போன ஞாயிறு சபையில் போதகர் மழைக்காக எல்லாரையும் முழங்காலில் நிறுத்தினார். நீ போனபிறகு சத்தமாக ஆமென் சொல்லுகிற வேலை எனக்குத்தான் வந்திருக்கிறது, வஞ்சகமில்லாமல் சொன்னேன். நேற்று நான் சாயாக்கடையில் இருக்கும்போது மலைப்பக்கம் கறுத்தது. சூடேறிய மண்ணில் முதல் துளி விழுந்த அந்த வாசனை வந்தது, கூடவே குளிர்ந்த காற்றும். கடையில் ஒரே கொண்டாட்டம். “ஊட்டிக்கு இனி எவன் போவான்? ஊட்டி நம்ம வாசல்ல வந்து நிக்கி” என்றான் கடைக்காரன். எனக்கு மட்டும் வாழை சாயுமே என்றுதான் தோன்றியது. சித்திரையில் திடீரென்று காற்று குளிர்ந்தால் வாழை போட்டவனுக்கு வேறென்ன தோன்றும்? சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். என் விளைக்கு அல்ல, உன் விளைக்கு.

காரணம் உண்டு. கிறிஸ்துமஸ் கழிந்ததும் உன் வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “இந்த வாழ ஓணத்துக்கு நின்னு குல தந்தா விளய வச்சுக்கிடுவேன் அண்ணே. இதும் காத்துல சாஞ்சா வித்துக் குடுத்துருவேன். மகளுக்க கூடப் போயி இருப்பேன்.” அன்றிலிருந்து உன் வாழைக்கு நான்தான் தண்ணீர் விட்டேன், உரம் வைத்தேன். என் வீட்டில் இருப்பவள், “அங்கயே ஒரு கட்டிலும் போட்டுக்கிடுங்க” என்றாள். போட்டிருக்கலாம்.

கயிறு கட்டியது உன் முறைப்படிதான். மற்றவர்கள் ஒவ்வொரு வாழைக்கும் தனித்தனியாக முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். உனக்கு அது பிடிக்காது. உன் கடைசி வரிசைக் கழுத்தில் நைலான் கயிற்றைப் போட்டு, வரப்பைத் தாண்டி என் முதல் வரிசையோடு கட்டுவாய். உனக்கு ஓர்மை இருக்கிறதா? முதல் தடவை நான் கேட்டேன்: “ஏலே, ஒண்ணு விழுந்தா ஒக்கக்கூடி விழாதா?”

“நீ கல்யாண வீட்டுல வந்தும் சாவு பேசுவ. ரண்டு பேருக்க வாழையும் சேந்து நின்னா காத்து யாரத் தள்ளும்? பாப்போம்.”

காற்று வந்து பார்த்தது. உன் பக்கத்தில் ஒரு நோஞ்சான் வாழை சாய்ந்தது. அது பக்கத்து வாழையை இழுத்தது, அது அடுத்ததை. உன் விளையில் தொடங்கி என் விளை முடியும்வரை, பிரேயரில் வரிசையாக மயங்கி விழுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல. என் வீட்டுக்காரி உன்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நீ இப்போது இருக்கிற இடம் பரிசுத்தமான இடம். நீயோ இலைக்குவியலுக்கு நடுவே நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். “பாத்தியா மக்கா, சேத்துக் கெட்டுனதால ஒண்ணுகூடத் தனியாச் சாவல்ல.”

அறையத்தான் வந்தேன். சிரித்துவிட்டேன். மறு வருடமும் அப்படியே கட்டினோம். நம்மைப்போல இரண்டு மடையர்கள் அருமனை வரைக்கும் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள்.

போன வருடம் பங்குனியில், உச்சி வெயிலில், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. பஸ் வந்து நின்று, நீ ஏறாததால்தான் கண்டக்டருக்கே சந்தேகம் வந்ததாம். வாழைக்குச் செய்ததை உனக்குச் செய்ய எவனும் இல்லாமல்போனான்.

நேற்று நான் போய்ச் சேர்ந்தபோது கயிறுகள் எல்லாம் விம்மிக்கொண்டு நின்றன. ஒன்று சாய்ந்ததைத்தான் கண்ணால் பார்த்தேன். பிறகு எதைப் பிடிப்பது, எதை விடுவது? கைக்குக் கிடைத்த ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆலங்கட்டி மண்டையில் விழுந்தது. சாரம் போனது. ஒவ்வொன்றாய் விழுகிற சத்தம் உன் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு நடந்து போனது. கண்ணைத் திறந்தபோது மிச்சம் நின்றது நாங்கள் இருவர்தான், அந்த வாழையும் நானும்.

குடையோடு உன் வீட்டுக்காரி வந்து நின்றாள்.

“அத விட்டிருங்க அண்ணே.”

“ஒண்ணு நிக்கில்லா பிள்ள?”

“ஒண்ண வச்சு என்ன செய்ய?” முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு உரச்சாக்கை நீட்டினாள். “மொதல்ல இத இடுப்புல சுத்துங்க.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் கூட அழுதிருப்பேன். சாக்கைக் கட்டிக்கொண்டு அழுதால் பார்க்க நன்றாக இராது என்று அடக்கிக்கொண்டேன்.

இன்றும் ஊர் குளுகுளுவென்று இருக்கிறது. எல்லாரும் ஃபேன் போடாமல் நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கிறார்கள். காலையில் கயிறுகளை அவிழ்க்கப் போனேன். உன் முடிச்சை எனக்குப் போடத்தான் தெரியும், அவிழ்க்கத் தெரியாது, நீ சொல்லித்தரவில்லை. அரிவாளால் அறுத்தேன். நேற்று எப்போதோ கயிறு இழுத்து வலது உள்ளங்கையின் குறுக்கே தோல் உரிந்திருக்கிறது. சோறு பிசையும்போது எரிகிறது. உன்னிடமிருந்து இனி எனக்கென்று இருப்பது இதுதான். இதுவும் ஆறிவிடும்.

சாரம் கிடைத்துவிட்டது. உன் விளையில் வாழை இல்லாத, மூட்டுவலியில் நான் வெகுநாளாய்ப் போகாத கிழக்கு மூலையில், மனை பிரிக்க நடுகிற ஒரு கல்லில் சுற்றிக் கிடந்தது. கல்லில் அடித்திருந்த மஞ்சள் பெயிண்ட், நேற்றைய காற்றுக்கு முன்பே, பங்குனி வெயிலில் வெளுத்து, உரியவும் தொடங்கியிருந்தது.