அரைப் பேர்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து மழை. கொட்டகலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கணினி அறையில் மறுபடி ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று.

செய்ய வேண்டியவை:
— கூரைக்காரருக்கு போன்
— மு.ப. வகுப்பு (முதியோர் பராமரிப்பு) சக்கர நாற்காலி, ஒரு சில்லு ஆடுகிறது
— நிர்வாக சபைக்கு மாணவர் வரவு அறிக்கை. இன்றே, இன்றே
— நெஞ்செரிச்சல் மாத்திரை

அறிக்கை போய்விட்டது. நானே கையெழுத்திட்டேன். பதிவாளர் சிவபாலன் வாசலில் உள்ள விரல்ரேகை மெசினில் இருந்து எடுத்துக் கொடுத்த பட்டியல். மு.ப. வகுப்பில் பத்தொன்பது பெண்கள். அதில் பதினொரு பேருக்கு வரவு பாதிகூட இல்லை. அப்படியானால் அவர்கள் பரீட்சை எழுத முடியாது. வகுப்பையே மூடலாம் என்றும் விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியதும் நான்தான். "ஒழுங்கு" என்று தலைப்பெல்லாம் போட்டு.

எரிச்சல். இந்த வகுப்புக்காக எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன். காலையில் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களும் வரட்டும் என்றுதானே பகல் இரண்டரைக்கு வைத்தேன். வராவிட்டால் நான் என்ன செய்ய?

சபைத் தலைவர் கொழும்பிலிருந்து போன். "பன்னெண்டாம் தேதி நாங்களே வாறோம் மேடம். சரிவராத வகுப்ப மூடிட்டு அந்த ரூமையும் கம்ப்யூட்டருக்கே குடுத்திடுவோம், என்ன?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இந்தப் பயிற்சி நிலைய அதிபர் பதவிக்கு நேர்முகம் நடந்த அன்று கதவுக்கு வெளியே நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தோட்டத்து லயத்துல பொறந்தவங்களுக்கு நிர்வாகம் சரிவருமா?" யார் சொன்னது என்று தெரியாது. அதனால் சபையில் எல்லாருடைய குரலும் அந்தக் குரலாகவே கேட்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

மழை. கூரைக்காரர் "நாளைக்கு". அவருடைய நாளை எனக்குத் தெரியும்.

மு.ப. வகுப்புக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "படிக்க விருப்பமில்லன்னா சொல்லுங்க, இடத்தக் காலி பண்ணுங்க." பத்தொன்பது பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். ஆம், பத்தொன்பது. எண்ணினேன். இன்று நான் வருவது தெரிந்து வந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

பாடம் எடுக்கும் ரீட்டா சிஸ்டர், டிக்கோயாவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், பின்னாலேயே வந்தார். "எல்லாரும் ஒழுங்காத்தான் வாறாங்க மிஸ்." சிஸ்டருக்கு இரக்கம் அதிகம். நம்பவில்லை.

ஆனால் அந்தக் குனிந்த தலைகள். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை முன்னால் நிற்கிற நிற்பு அது. துரை நான்.

ஜூன் 5, வியாழன்

பின்வாசலில் மண் சரிந்து வழி அடைத்துவிட்டது. ஆள் வந்து வாரும்வரை முன்வாசலால்தான் போய் வரவேண்டும். ஆறு வாரமாக அந்த வாசலில் மெசின் இருக்கிறது. நான் அந்த வழியால் வந்ததே இல்லை.

இரண்டரை. ஐந்தாறு பெண்கள் மெசின் முன்னால். நடுவில் மு.ப. வகுப்புப் புஷ்பா. தலையில் மழைக்குப் போடும் கொங்காணிச் சாக்கு, ஈரம் சொட்டுகிறது. பெருவிரலை வைக்கிறாள். சிவப்பு விளக்கு. "ப்ளீஸ் ட்ரை அகேய்ன்." சேலையில் துடைத்து வைக்கிறாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு. ஐந்து தடவை எண்ணினேன். பின்னால் கணினி வகுப்புப் பிள்ளைகள் நின்று சிரிக்கிறார்கள். புஷ்பா கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்தவள். சிவப்பு. அவளும் போய்விட்டாள்.

கூப்பிட்டு நிறுத்தினேன்.

"ஏன் புஷ்பா சொல்லல?"

"என்னத்த மிஸ் சொல்றது? மெசினுக்கு எங்க கையப் புடிக்கல. கறையும் வெட்டுமாக் கெடக்கு. பதிஞ்சப்ப சித்திர வருசத்து லீவு, கை சுத்தமா இருந்துச்சு. இப்ப கொழுந்து சீசன்."

"செவ்வாக்கெழம நான் ஏசுனப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"ஏசுறவங்ககிட்ட என்னங்க மிஸ் சொல்றது?"

கையைக் காட்டச் சொன்னேன். பெருவிரல் முனையில் ரேகையே இல்லை. கறுப்பு, அதற்குள் கீறல் கீறலாக வெடிப்பு. எனக்குப் பயம்தான். வேறு சொல் இல்லை.

மூன்று மணிக்கு அவர்களுக்கு என்னுடைய ஆங்கில மணித்தியாலம். என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று நினைவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சிவபாலனிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பதினெட்டு வருடம், சத்தமாகப் பேசமாட்டார்.

"மேடம், அறிக்கை போயிட்டுது. நீங்கள் கையெழுத்தும் வைச்சிட்டியள். இப்ப பிழை எண்டு சொன்னால், பிழை மெசினில எண்டு விடமாட்டினம். உங்களிலதான் எண்டுவினம். அடுத்த தவணை திருத்துவம். பேசாமல் இருங்கோ."

"பதினோரு பேரு பரீட்சை எழுத முடியாது."

"எனக்கும் விளங்குது. உங்களுக்காகத்தான் சொல்லுறன்."

கையால் எழுதும் பழைய வரவு இடாப்பு? இல்லை. மெசின் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். "இரட்டைப் பதிவு வேண்டாம்." சுற்றறிக்கை இலக்கம் 4, என் கையெழுத்து. ஆகவே அவர்கள் வந்ததற்குச் சாட்சி ஒன்றுமே இல்லை.

எழுதாமல் இருக்க முடியவில்லை: இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. அம்மா கொழுந்து வேலையை விட்டு நின்ற வருடம் ஒரு படிவத்தில் பெருவிரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். காகிதத்தில் வெறும் மை அப்பல். கிளார்க் எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொல்லித் தேய்த்தார், அம்மா மறுபடி வைத்தார், மறுபடி அப்பல். பக்கத்தில் நின்றது நான். அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தியது நான். அதே நான், நாற்காலி கிடைத்ததும் வாசலில் விரல் மெசின் வைத்தேன். யாராவது கொழும்புக்காரர் வைத்திருந்தால் அவரைத் திட்டியிருப்பேன்.

மாத்திரை இரண்டு.

ஜூன் 8, ஞாயிறு

கோவிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.

சபைக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். "தொழில்நுட்பக் கோளாறு" என்று போட்டால் தப்பலாம். ஆனால் மெசின் கோளாறு அல்லவே. என் கையைச் சரியாகத்தான் பிடிக்கிறது.

சிவபாலன் சொன்னபடி பேசாமல் இருந்தால்? இருந்தால் என் வேலை மிஞ்சும். புஷ்பாவுக்கு மூன்று பிள்ளைகள், இந்தச் சான்றிதழை வைத்துத்தான் ஹட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கேட்டிருக்கிறாள். மலை ஏறாத வேலை. இதையெல்லாம் நான் நினைக்காமல் இருக்கவேண்டும். முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

மு.ப. வகுப்பு. கதவருகே நின்றபடியே சொன்னேன். "பிழை என்னோடது. மன்னிச்சுக்குங்க." "நீங்க வந்ததுக்கு அத்தாட்சி ஏதாவது இருந்தாத்தான் சபைகிட்டப் பேசலாம். இல்லன்னா எனக்கு வழி தெரியல."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு புஷ்பா பையிலிருந்து ஒரு நாற்பது பக்கக் கொப்பியை எடுத்தாள். மேலுறையில் ஒரு பிள்ளையின் பெயர், இரண்டாம் ஆண்டு.

"பேர்க் கொப்பி மிஸ்."

ஒவ்வொரு நாளும், பத்தொன்பது பெயர். கோடு போட்டு, ஒன்று, அரை, வெறுமை. தேயிலை மலையில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். அதே முறையில் வகுப்புக்கும் போட்டிருக்கிறார்கள். முதல் நாளிலிருந்து.

"யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க போனாலும் நாங்க ஒரு கணக்கு வச்சிருப்போம். தோட்டத்துக் கணக்கப்புள்ள போடுறத நம்பிக்கிட்டு இருந்தா ஆகுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, இங்கே கணக்கப்பிள்ளை யார் என்று.

ஜூன் 10, செவ்வாய்

போயா. பௌர்ணமி விடுமுறை. மழை விட்டு வெயில். துணி காய்ந்தது.

கொப்பியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழைக்காய்க் கறை ஒரு பக்கத்தில். இதை சபை முன்னால் வைத்தால் என்ன கேட்பார்கள் என்று ஒரு பட்டியல்:
— அவர்களே எழுதியதை எப்படி நம்புவது?
— ஆறு வாரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?
— பொய் அறிக்கையில் ஏன் கையெழுத்து?

மத்தியானம் தலைவரின் போன். எடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் போனுக்குப் பயந்து குசினிக்குள் நின்றேன்.

ஜூன் 12, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். தலைவர், ஒரு கணக்காளர், கண்டியிலிருந்து ஓர் அம்மையார். பன்னிரண்டு மணியிலிருந்து கூட்டம். முதல் விஷயமே மு.ப. வகுப்பு. தலைவர் "மூடுறது" என்று சொல்லி முடிக்கும் முன்பே எழுந்துவிட்டேன். நாற்காலி விழுந்தது. "அந்த அறிக்கை பிழை. நான் பார்க்காம கையெழுத்து வச்சேன்." அவ்வளவுதான் பாடமாக்கியது. மீதி தானாக வந்தது.

கொப்பியை வைத்தேன். எதிர்பார்த்த கேள்வி கணக்காளரிடமிருந்து வந்தது. "இவங்களே எழுதினா இவங்களுக்கு முழு வரவுதானே போடுவாங்க?"

சிவபாலன் அப்போது பேசினார். நான் கேட்கவில்லை, அவராகவே. "எழுதினது புஷ்பா எண்ட பிள்ளை, சேர். அவவின்ர வரியைப் பாருங்கோ. நாலு நாள் அரை. ரெண்டு நாள் வெறுமை. பொய் எழுதுற ஆள் தனக்கு வெறுமை போடுமே?" முந்தின நாள் முழுக்க, நான் அலுவலகத்தில் வைத்திருந்த கொப்பியை எடுத்து ரீட்டா சிஸ்டரின் பாடக் குறிப்போடு ஒப்பிட்டிருக்கிறார். எனக்குச் சொல்லவே இல்லை.

அம்மையார் வாசலுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்றார். இரண்டரை. பெண்கள் வரிசை. சிவப்பு, சிவப்பு, "ப்ளீஸ் ட்ரை அகேய்ன்." அம்மையார் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

முடிவு: வகுப்பு தொடரும். பதினொரு பேரும் பரீட்சை எழுதலாம். இடாப்பு மறுபடி வரும்.

என்னைப் பற்றி: தலைவர் வேனில் ஏறும்போது, இப்போது சிரிக்காமல், "உங்க விஷயத்த நாங்க தனியா பேசணும் மேடம். கடிதம் வரும்."

மூன்றரைக்குத்தான் என் ஆங்கில வகுப்புக்குப் போக முடிந்தது. பாதி நேரம் போய்விட்டது. மீதியில் உடம்பு நோவைப் பற்றிக் கேட்கும் வாக்கியங்கள் நான்கு.

ஜூன் 16, திங்கள்

பனி. கூரைக்காரர் வந்தார்! ஏணி கொண்டுவரவில்லை.

தபாலில் கடிதம். சபையின் முத்திரை. பத்து மணியிலிருந்து மேசையில் கிடக்கிறது. மேலே ஒரு கோப்பை வைத்து மூடினேன், பிறகு எடுத்தேன். விலகச் சொல்லியிருப்பார்கள். அல்லது விளக்கம் கேட்டிருப்பார்கள். மெல்லிய கடிதம். மெல்லியது நல்லதா கெட்டதா?

இரண்டரைக்குப் பிரதி எடுக்க கொப்பியைக் கேட்டு வாங்கினேன். கடைசிப் பக்கம். பத்தொன்பது பெயருக்குக் கீழே இருபதாவதாக ஒரு பெயர், புஷ்பாவின் கையெழுத்தில்: மிஸ். பன்னிரண்டாம் தேதிக்கு நேரே, அரை.

புஷ்பாவிடம் காட்டினேன். "இது என்ன? அன்னிக்கு உங்களுக்காகத்தானே அவங்களோட சண்ட போட்டேன்?"

"தெரியும் மிஸ்." கொஞ்சம்கூடக் கூசவில்லை. "ஆனா கிளாஸுக்கு மூணரைக்குத்தானே வந்தீங்க. அரைப் பேருதான் போட முடியும்."

சரிதான். கொப்பியைக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தேன். கடிதத்தைப் பிரித்தேன்.