மாப்பிள்ளைக் காரின் கிளச்

ஆவணி 5, செவ்வாய்

சோளகக் காற்று. காலையில் துடைத்த கார், மத்தியானம் செம்மண் பூசி நின்றது. மறுபடி துடைத்தேன்.

ஞாயிறு தம்பியின் கலியாணம். என் கார்தான் மாப்பிள்ளைக் கார் என்று அம்மா கதையோடு கதையாகச் சொன்னார். பொம்பிளை வீட்டாரிடமும் சொல்லியாயிற்றாம். வாங்கிய நாள் முதல் "உந்தச் சத்தக் கார்" என்பதைத் தவிர அதற்கு வேறு பேர் வைக்காதவர். பின்னேரம் தொலைபேசியில் யாருக்கோ, "பெரியவன்ரை கார் நிக்கேக்கை ஏன் வாடகைக் கார்?" கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சந்தோஷம். கொஞ்ச நேரம்தான். பிறகு கிளச் நினைவு வந்தது.

போன வருடம் பந்தயக் கார்களுக்கான கிளச் போட்டேன். பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும். நடுவில் ஒன்றும் கிடையாது. விடியற்காலையில் வல்வெட்டித்துறைக் கடற்கரை வீதியில் சொர்க்கம். கோயிலிலிருந்து மண்டபம் வரை மேளத்துக்குப் பின்னால் அன்னநடை போட்டால் கருகிவிடும்.

ஆவணி 6, புதன்

புழுக்கம். வங்கியில் கூட வேலை செய்யும் குகன் கார் வாங்கப் போகிறாராம். வேகமானதாக ஒன்று. என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்:

– குதிரைவலுவைக் கேட்டு வாங்காதே. பிரேக்கைக் கேள்.
– டயருக்குச் செலவழிக்க மனமில்லாதவனுக்கு டேர்போ எதற்கு?
– இன்னொருவன் மாற்றியமைத்த காரைத் தொடாதே. அவன் எதை மறைத்தான் என்று தேடியே ஆயுள் போய்விடும்.
– ஓட்டோ கியர் ஆகவே ஆகாது. (கிளச் மிதியே இல்லாத ஓட்டோ கியராக இருந்தால் ஞாயிறு நிம்மதி.)
– ஓட்டுகிற வீதிக்கு ஏற்ற கார் எடு. கனவில் ஓட்டுகிற வீதிக்கு அல்ல.

கடைசியைச் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. வயிறு சரியில்லையோ என்று குகன் கேட்டார்.

வேலை முடிந்ததும் அச்சுவேலி, ரூபன் அண்ணையின் கராஜ். சாதாரண கிளச் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஞாயிறுக்குள் வராது. "உது ஓட்டத்துக்குச் செய்தது தம்பி, ஊர்வலத்துக்கில்லை. வேறை கார் பாரும்."

வேறு கார். அம்மாவிடம் யார் சொல்வது?

ஆவணி 8, வெள்ளி

நான்தான் சொல்ல வேண்டும் என்று போனேன். காரின் முன்மூடிப் பொனற்றுக்கு எந்தப் பூமாலை என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்குமுன் மாமாவின் கலியாணக் கதை. மாப்பிள்ளைக் கார் நடுவழியில் நின்றுபோனதாம். மாமியின் மூட்டு வருத்தம், அவர்களின் புகையிலை அழுகியது, கனடாவில் மகனின் விவாகரத்து, எல்லாம் அந்தக் காரால் வந்த வினை. "வெளிக்கிட்ட கார் நிக்கவும் கூடாது, பின்னுக்கு எடுக்கவும் கூடாது."

இனித் தம்பிக்குத் தடிமன் பிடித்தாலும் என் கிளச்தான் காரணம். பயமாக இருக்கிறது. பூமாலையை எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ஓட்டையில் கட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோழை.

பிறகு ஒரு பைத்தியக்கார யோசனை. மேளக்காரர் வீட்டுக்கே போனேன். சற்று விரைவாக நடக்க முடியுமா? தேத்தண்ணி தந்தார்கள். தவில்காரர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "மேளத்துக்குப் பின்னாலை கார் வரும் தம்பி. காருக்கு முன்னாலை மேளம் ஓடாது."

வாங்க: கற்பூரம், கார் ஷாம்பு, தலையிடிக் குளிசை.

ஆவணி 9, சனி

வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் மெல்ல ஓட்டிப் பயிற்சி. பக்கத்து வீட்டுக்காரர் மாட்டை நடத்திக்கொண்டு போனார்; அதன் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். மாடு மேளத்தைவிட வேகம். அப்படியும் சந்தி வருமுன் கருகல் மணம்.

தம்பி கேற்றடியில் நின்றிருக்கிறான். அவனுக்கும் மணத்திருக்கிறது.

"அண்ணை, நிண்டால் என்ன செய்யிறது?"

"நிக்காது."

நாளைக்குத் தாலி கட்டப் போகிறவன் என் முகத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறான். நல்ல அண்ணன்.

ஆவணி 10, ஞாயிறு, மத்தியானம்

மண்டபத்துப் பின்பக்கம். காருக்குள் இருந்து எழுதுகிறேன். வேட்டியெல்லாம் வியர்வை.

வீட்டிலிருந்து கோயில் வரை குறையில்லை. கோயிலிலிருந்து மேளம் எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கியது. தம்பி தலைப்பாகையோடு பின் சீற்றில், பக்கத்தில் தோழனாகப் பொம்பிளையின் தம்பி. அம்மா பின்னால் வந்த வான் வண்டியில். சங்கக்கடை முடக்கில், வீதி திரும்புமிடத்தில், மேளக்காரர் நின்று ஒரு முழு உருப்படி வாசித்தார்கள். தவில்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

தோழன் மூக்கைச் சுளித்து, எங்கேயோ டயர் எரிகிறது என்றான். ஓம் என்றேன்.

மேளம் நகர்ந்தது. கிளச்சை விட்டேன். எஞ்சின் கத்தியது, கார் அசையவில்லை. முடிந்தது. மேளத்துக்கும் எனக்கும் இடையில் வெறும் வீதி நீண்டுகொண்டே போனது. தம்பி பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தான். எடுக்கவேயில்லை.

எஞ்சினை நிறுத்தினேன். நியூட்ரல். கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் நடந்து வந்த தம்பியின் கூட்டாளிகளுக்குக் கையால் காட்டினேன். பெடியளுக்கு உடனே விளங்கிவிட்டது. சிரித்துக் கதைத்தபடியே, பின்னால் வந்த வானுக்குத் தெரியாமல் நெருங்கி நின்று, பின்பக்கத்தில் கை வைத்தார்கள். நகர்ந்தது. எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் கல். பிரேக் கல். இரண்டு கையாலும் பிடித்து மண்டபத்துக் கேற்றுக்குள் திருப்பினேன். ஒரு குலுக்கல் இல்லை. நானாக ஓட்டி ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

தாலி கட்டியாயிற்று. நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன், அது வேறு.

சற்று முன் அம்மா இங்கே வந்தார். கூரையில் கை வைத்தார். இந்தக் காரை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன்.

"இண்டைக்குத்தான் நீ மனிசர் மாதிரி ஓட்டினனீ. ஒரு சத்தமில்லை. எல்லாரும் சொல்லுகினம்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பின்னேரம் பொம்பிளையையும் ஏத்திக்கொண்டு வீட்டை வரேக்கையும் உப்பிடியே ஓட்டு."

வீடு நாலு மைல்.