ஈரக் கணக்கு இருக்குமிடம்

17.3.88, வியாழன். காலையிலேயே சுள்ளென்று வெயில்.

எண்ணெய் ஆலை மேலாளர் கஜேந்திரன் மீது குறைகள்:
1. 14.3 – கணிப்பொறி அறைக்குள் சாம்பிராணிப் புகை.
2. 15.3 – நான் இல்லாதபோது என் நிரல்களுக்குள் நுழைந்தது.
3. 16.3 – நான் திருத்திய பின்னும் மூட்டைகளின் ஈரத்தைக் கணக்கிடும் என் நிரல் தவறியபோது, ஆட்கள் முன்னிலையில்: "சார் கணக்கு வாத்தியாருதான். கம்ப்யூட்டரு வேற."

சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பழையபடி கையால் பார்க்கலாம் என்கிறார் முதலாளி. நிரலும் போகும், நானும் போவேன்.

சிங்கவரம் விவசாயி தனபாலின் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நிரல் இன்றும் 'ஈரம்' என்று தள்ளியது. காதருகே ஆட்டிக் காட்டினார். "கடகடங்குது பாருங்க சார். உங்க கம்ப்யூட்டருதான் நனைஞ்சி கீது. சனிக்கிழமையும் இப்டின்னா திண்டிவனம் மண்டிக்கே போய்டுவேன்."

ஆயினும் ஒரு சுகம். ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று அச்சுத்தாள் புரட்டிய காலம் போயிற்று. ctags என்ற கருவி எந்தப் பெயர் எந்தக் கோப்பில் என்று பெயர்ப்பட்டியலைத் தயாரித்துவிட்டால் போதும். பெயரின் மேல் நின்று கண்ட்ரோலும் சதுர அடைப்பும். அந்த வரியிலேயே இறக்கிவிடுகிறது.

18.3, வெள்ளி. நண்பகல் வரை கரண்ட் இல்லை.

ஈரக் கணக்கின் பெயரிலிருந்து மறுபடி தாவினேன், திருத்தினேன். அதே விடை. பிறகு அதே இடத்தில் வேண்டுமென்றே பொருளற்ற ஒரு வரி. கணிப்பொறி ஆட்சேபிக்கவே இல்லை! அப்படியென்றால் நான் திருத்துவதை அது படிக்கவேயில்லை. திரையின் அடியில் கோப்பின் பெயர் பார்த்தேன். என்னுடையது அல்ல, என்னுடையதன் நகல். பட்டியல் என்னை நகலிலேயே இறக்கிவிட்டிருக்கிறது; மூன்று நாள் திருத்தமும் அதில்.

கஜேந்திரனை அழைத்தேன்.

"பத்திரத்துக்கு ஒரு காப்பி வெச்சேன் சார். பேர்ப்பட்டியலையும் புதுசா போட்டுட்டேன்."

"ஒரே பெயர் இரண்டு கோப்புகளில் என்று எச்சரித்திருக்குமே?"

"சொல்லிச்சி. வார்னிங் மட்டும்தான்னு அதுவே போட்டுச்சி. அப்புறம் இன்னா?"

குரலை உயர்த்தவில்லை. நகலை வெளியே எடுத்தேன். புதுப் பட்டியல். தாவல். இம்முறை மெய்யான இடம். திருத்தம் இரண்டே வரி.

வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. நல்ல தூக்கம்.

19.3, சனி. இதமான காற்று.

தனபாலின் மூட்டைகள் ஏற்கப்பட்டன. முதலாளி தலையசைத்தார், அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. தனபால் விசைப்பலகை அருகே ஒரு பிடி மல்லாட்டை வைத்தார். "உங்க மிஷினுக்கு சார். பாவம், காய்ஞ்சி போச்சி." தோல் உள்ளே விழும் என்று கண்டித்தேன். எல்லாவற்றையும் நானே தின்றேன்.

கஜேந்திரனுக்குத் திங்களன்று காலை தர வேண்டியது:

என் நிரல்களிடையே நகல் வைத்தது யார் அனுமதியில்? எச்சரிக்கையை எனக்குத் தெரிவிக்காதது ஏன்? அன்று, 21.3.88, மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலமான பதில் தேவை. சாம்பிராணிக்கும் சேர்த்து.