எல்லாம் சரி என்று சொன்ன வரி

பினாயில் வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கிற ஒரு கல்லூரிக்குக் காலையில் வேலையாகப் போயிருந்தேன். சர்வரைக் கொண்டுபோய்க் கழிப்பறைக்கு அடுத்த அறையில் வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு கோப்பு திறக்கவில்லை. அங்கிருந்த ஆள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ட்ரிபிள் செவன் போட்டு விடுங்க மேடம், எல்லாம் ஓடும்" என்றார். வாடையாலா, அந்த வார்த்தையாலா தெரியவில்லை. வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

நம் முதலாளி அண்ணனுக்கு நீ எத்தனை தடவை விளக்கியிருப்பாய்! "அண்ணே, ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணு அனுமதி இருக்கு. ஃபைலுக்கு உரியவருக்கு ஒண்ணு, அவரோட குழுவுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணு. மூணுலயும் ஏழு போட்டா ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் படிக்கலாம், அழிக்கலாம்." அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, "சரிம்மா, இப்போதைக்கு ஏழு போட்டு விடு, அப்புறம் பாப்போம்" என்பார். நீயும் நானும் சேர்த்து நாலு பேர் வேலை பார்த்த அந்த மாடி ஆபீசில் எது நின்றாலும் வைத்தியம் அதுதான். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

அதனால்தான் ஸ்கேன் சென்டருக்கு எழுதின ப்ரோகிராமில் நீயாக ஒரு காவலை வைத்தாய். யாருடைய ரிப்போர்ட்டையும் திறந்து கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கோப்பை யார் யார் படிக்கலாம் என்று ப்ரோகிராமே பார்க்க வேண்டும். மற்றவர்களும் படிக்கலாம் என்றிருந்தால் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட வேண்டும். "பொம்பளைங்க வயித்தையும் மாரையும் படம் எடுத்து வச்சிருக்கானுங்கடி. கண்டவன் பாக்குறதுக்கா?" என்றாய். எழுதி முடிக்கிற வரைக்கும் முகம் சுளித்தபடியேதான் இருந்தாய்.

ப்ரோகிராம் ஓடத் தொடங்கிய மறுநாளே நின்றது. அங்கே இருந்த அத்தனை கோப்பும் ஏழு ஏழு ஏழாகத்தான் கிடந்தன. ஒரு ரிப்போர்ட்டும் வெளியே வரவில்லை, நோயாளிகள் சத்தம் போடுகிறார்கள் என்று போன் மேல் போன். நீ சித்தி மகளுக்குக் காதுகுத்து என்று லீவு. "என்னமோ பண்ணி ஓட விடும்மா" என்றார் அண்ணன். கோப்புகளின் அனுமதியை ஒழுங்காக மாற்ற அரை மணி நேரம் போதும். எனக்கு அந்த அரை மணி நேரம் பெரிதாக இருந்தது. உன் காவலின் தலைமாட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன். எதையும் பார்க்காதே, யார் கேட்டாலும் "சரி" என்று சொல்லு.

மறுநாள் நீ வந்து, உன் காவல் சொன்ன பதில்களின் பதிவைத் திறந்தாய். வரிசையாகச் சரி, சரி, சரி. "அடியே, எல்லாத்தையும் மாத்திட்டியா? கெட்டிக்காரிதான்டி நீ!" என்று சொல்லி, சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கம் எனக்குப் பருத்திப்பால் வாங்கித் தந்தாய். நான் வெட்கமில்லாமல் குடித்தேன். சீ! அதை நினைத்தாலே இப்போதும் தொண்டையில் பிசுபிசுக்கிறது.

நாலு மாதம் கழித்து உன் மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, எங்கே ஸ்கேன் எடுப்பது என்று ஒரு நிமிஷம்கூட நீ யோசிக்கவில்லை. "அங்கயே போறேன்டி. அங்கதான் என் காவல் இருக்கு. ஆபரேஷன் முடியிற வரைக்கும் அம்மாவுக்குத் தெரியவே கூடாது. அப்பா போனதுல பாதி உசுராக் கெடக்கு. பொழைச்சு எந்திரிச்சு நானே சொல்லிக்கிறேன்." அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயேன்" என்று முனகினேன். அதோடு சரி.

ஸ்கேன் எடுத்த மூன்றாம் நாள் உன் அம்மா திருவாதவூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது பக்கத்து சீட்டுக்காரி கேட்டிருக்கிறாள், "உம் மகளுக்கு மாருல கட்டியாமே?" என்று. ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற பெண் உங்கள் ஊர்ப் பக்கம். அவள் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரிலேயே உன் ரிப்போர்ட் திறந்தது. அதைப் போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பியிருக்கிறாள். உன் அம்மா ஒத்தக்கடையில் இறங்கி நேராக நம் ஆபீஸ் மாடி ஏறி வந்தார்கள். "ஊருக்கே தெரியுது. பெத்தவளுக்குத் தெரியக் கூடாதா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து உன் ப்ரோகிராமைத் திறந்தாய். என் வரி அங்கே இருந்தது. நீ கத்துவாய் என்று நினைத்தேன். "ஃபைலைத் தொறந்து போட்டது அவனுங்க. எனக்குச் சரின்னு சொன்னது நீ" என்றாய். அதற்குப் பிறகு வேலையைத் தவிர ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. ஆபரேஷன் ஆனது. வருஷம் திரும்புவதற்குள் நீ போய்விட்டாய்.

அண்ணன் உன் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து ஆழ்ந்த இரங்கல் போட்டார். அன்றைக்கும் அந்த வரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீ ஆபரேஷனுக்குப் போகுமுன் எடுத்துவிட்டுப் போனதை, ரிப்போர்ட்டுகள் மறுபடி நின்றதும் "ஓட விடும்மா" என்று திரும்பப் போட வைத்தார். போட்டது வேறு யாருமில்லை, இந்தக் கைதான். உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகுதான் அதை அழித்து, கோப்பு கோப்பாகப் பூட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என்ன ஜென்மமோ நான்!

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்ததைச் சொன்னேன். கடலை உடைத்த அவர்கள் கை நிற்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"எம் புள்ள படத்தை எம்புட்டுப் பேரு தாயி பாத்தாக?"

"யாரு பாக்கலாம்னுதான்மா அந்த ஃபைலுல இருக்கும். யாரு பாத்தாங்கன்னு இருக்காது."

"ஒருத்தரையுமா தெரியாது?"

டோக்கன் பெண்ணைச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அவளைத்தான் அவர்களுக்கு ஏற்கனவே தெரியுமே. நீ என்னிடம் வந்து அழுதுகொண்டே ரிசல்ட்டைச் சொன்னாயே, அப்போது நான் அதிர்ந்து போன மாதிரி உன்னைக் கட்டிப்பிடித்தேன். அதற்கு முந்தின நாள் மத்தியானமே, திறக்கும் என்று தெரிந்திருந்ததால், ஆபீசில் என் மேஜையில் இருந்தபடியே அந்த சென்டர் சர்வருக்குள் போய் உன் கோப்பைத் திறந்து படம் படமாகப் பார்த்து முடித்திருந்தேன். உனக்கு முன்னால், அந்த டோக்கன்காரிக்கும் முன்னால். இது தெரியாமலேயே நீ போய்ச் சேர்ந்தாய்.

"தெரியும்மா" என்றேன். "மொதல்ல பாத்தது நான்தான்."